கித்தார்க் கண்காட்சி: மரத்தின் விலையும் கையின் மதிப்பும்

ஒரு கலைப்பொருளை மதிப்பிட வழிகள் இரண்டு உள. இஃது என்ன விலைக்குப் போகும் என்று கேட்பது ஒன்று. இஃது இதுகாறும் என்ன தொண்டு செய்தது என்று கேட்பது மற்றொன்று. முன்னது வியாபாரியின் கேள்வி. பின்னது இரசிகனின் கேள்வி. இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் இடம் கித்தார்க் கண்காட்சி. ஆதலின் அதனை இவ்வாரம் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டோம்.

நூலையும் நாடகத்தையும் மதிப்பிடும் இப்பகுதியில் வாத்தியச் சந்தைக்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். ஒரு வாத்தியத்தின் பெயரால் ஜனங்கள் திரளாகக் கூடி, அதனைப் பார்த்தும், தொட்டும், கேட்டும், விலைபேசியும் மூன்று நாள் பொழுதைக் கழிப்பாராயின், அவர்கள் எதனைப் பெரிதென்று எண்ணுகிறார்கள் என்பது அங்கே வெளிப்பட்டுவிடும். அதனைச் சீர்தூக்கிப் பார்ப்பதும் விமரிசகன் கடமையே.

இவ்வகைக் கண்காட்சிகளுள் பழமை வாய்ந்ததொன்று, அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்து டல்லாஸ் நகரில் 1978ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. டல்லாஸ் சர்வதேசக் கித்தார் விழா என்பது அதன் பெயர். வெள்ளிக்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முடியும் வாரக்கடைசித் திருவிழா அது. மேசைகள் ஒருபுறம், மேடைகள் மற்றொருபுறம். மேசைகளில் பழைய கித்தார் வியாபாரிகள், தம் கைப்படப் புதுக் கித்தார் செய்து தாமே விற்கும் தச்சர்கள், கம்பி விற்போர், ஒலிபெருக்கி விற்போர், காலால் மிதித்து ஓசையை மாற்றும் சிறு பெட்டிகள் விற்போர். மேடைகளில் பேர்பெற்றோரும் பேர்பெறாதோரும் மாறி மாறி வாசிக்கின்றனர்.

இத்தகைய விழாவில் முதலில் கண்ணிற்படும் நன்மையை முதலில் சொல்லிவிடுவோம். உள்ளே வருவோர் யார், எவர் மகன், என்ன படித்தவர் என்று யாரும் கேட்பதில்லை. நுழைவுச்சீட்டு வாங்கியவர் அனைவரும் ஒன்றே. பள்ளிக்கூடப் பையன் எடுத்து வாசிக்கும் கித்தாரையே அடுத்த நாழிகையில் நரைத்த தலையர் ஒருவர் வாசிக்கிறார். வீட்டு மூலையில் கிடந்த பழங்கித்தாரைப் பெட்டியோடு தூக்கிவந்து, "இதற்கு என்ன தருவீர்?" என்று கேட்பவரும் அதே வரிசையில் நிற்கிறார். கலை மாளிகைகளில் காணக்கிடைக்காத சமத்துவம் இது.

முதலில் காதிற்படும் குறையையும் சொல்லவேண்டும். ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் தமக்குத் தெரிந்த ஒரு துண்டு இசையைத் தமக்காகவே வாசித்துக்கொண்டிருப்பார். நூறு பேர் நூறு துண்டுகளை ஒரே சமயத்தில் வாசித்தால் விளைவது இசையன்று, இரைச்சல். கித்தாருக்கென்றே எடுக்கும் விழாவில் ஒரு கித்தாரைச் சரியாகக் கேட்பதுதான் யாவற்றினும் அரிது என்பது வேடிக்கையே. கேட்க முடியாத இடத்தில் மனிதன் எதனைக் கொண்டு மதிப்பிடுவான்? சீட்டில் எழுதிய விலையைக் கொண்டே மதிப்பிடுவான். இங்கேதான் நம் வழக்குத் தொடங்குகிறது.

இவ்விலைகள் எவ்வாறு பிறந்தன என்பதற்கு ஒரு சான்று காட்டுவோம். கிப்ஸன் கம்பெனியார் 1958 முதல் 1960 வரை, செம்பழுப்பு நிறச்சாயம் பூசிய 'லெஸ் பால் ஸ்டாண்டர்டு' என்னும் மின்சாரக் கித்தாரை விற்றுவந்தனர். அக்காலத்து விலை 250 அமெரிக்க வெள்ளிக்குச் சற்று மேல். வாங்குவாரில்லை. ஆதலால் 1961இல் அவ்வடிவத்தைக் கைவிட்டு, மெல்லிய உடலும் இரண்டு கொம்புகளும் கொண்ட வேறொரு வடிவத்திற்கு மாறிவிட்டனர். பின்னர் 1966இல் இங்கிலாந்தில் ஜான் மேயால் குழுவின் இசைத்தட்டு ஒன்றில் எரிக் கிளாப்டன் என்னும் இளைஞர் அப்பழைய கித்தாரை உரத்த ஒலிபெருக்கியோடு சேர்த்து முழங்கினார். அதனைக் கேட்டவர்கள் அக்கித்தாரைத் தேடத் தொடங்கினர். இன்று அதே கித்தார் ஒன்றிற்குச் சில இலட்சம் அமெரிக்க வெள்ளி கேட்கின்றனர்.

இதில் மாறியது எது? மரம் மாறவில்லை, கம்பி மாறவில்லை, செய்த தொழிலாளியின் கூலியும் பின்னோக்கி உயர்ந்துவிடவில்லை. அதில் எழுந்த இசையும் அதனைக் கேட்ட காதுகளுமே மாறின. விலையைப் பெற்ற தாய் இசை. ஆனால், கண்காட்சி மேசையில் நாம் காண்பதென்ன? குழந்தை சிம்மாசனத்தில் அமர்ந்திருக்கிறது. தாய் வாயிற்படியில் நிற்கிறாள். "தொடாதீர்" என்னும் சீட்டு கித்தாரின் கழுத்தில் தொங்குகிறது. வாசிக்கவேண்டிய பொருளை வாசிக்கவொட்டாமற் செய்தபின், அது வாத்தியமா, வழிபடு பொருளா என்று நாம் கேட்பதில் பிழையில்லை.

ஏலங்களில் இவ்வழிபாடு இன்னும் ஓங்கி நிற்கிறது. டேவிட் கில்மோர் தாம் வாசித்த கறுப்புக் கித்தாரை 2019ஆம் ஆண்டு நியூயார்க் ஏலத்தில் விற்றபோது அது 39,75,000 அமெரிக்க வெள்ளிக்குப் போயிற்று. அவர் அவ்வேலத்தின் வருவாயைப் பூவுலகின் தட்பவெப்பம் கெடாமற் காக்கப் பாடுபடும் ஒரு சங்கத்திற்கு அளித்தார் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். மறைந்த கர்ட் கோபேன் 1993இல் தொலைக்காட்சிக் கச்சேரியில் வாசித்த கித்தார் 2020இல் 60,10,000 வெள்ளி பெற்றது. மறைந்த ஒருவரின் கை பட்டதென்பதற்காக ஒரு பொருளைப் போற்றுதல் மனித இயல்பு. அதனை நாம் பழிக்கவில்லை. அவ்வியல்பை மூலதனமாக்கி, அதனையே இரசனை என்று பெயரிட்டு விற்பதைத்தான் மறுக்கிறோம்.

நிற்க. "பழைய மரம், அரிய மரம்; ஆகையால் ஓசை உயர்ந்தது; விலையும் உயர்ந்தது" என்று வியாபாரிகள் விடை கூறுவர். இது சோதித்தறியத்தக்க கூற்று, சோதித்தும் இருக்கின்றனர். இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் ஆறு கித்தார்களை ஒரே அமைப்பில் செய்வித்தனர். முதுகிலும் பக்கங்களிலும் வைத்த மரம் மட்டும் ஆறிற்கும் வெவ்வேறு: பிரேசில் நாட்டு ஈட்டி, இந்திய ஈட்டி, மஹோகனி, மேப்பிள், சப்பேலே, வால்நட். மங்கலான அறையில், பற்றவைப்பு வேலைக்காரர் அணியும் கறுப்புக் கண்ணாடியை அணிவித்து, 52 கித்தார்க் கலைஞர்களை வாசிக்கச் செய்தனர். 2018இல் வெளியான முடிவு யாதெனின், ஆறு கித்தார்களுக்கும் அவர்கள் அளித்த மதிப்பெண் ஏறக்குறைய ஒன்றே என்பதாம். விலையுயர்ந்த மரத்தைக் கண் அறிந்தது, காது அறியவில்லை. வயலின் வாத்தியத்திலும் இவ்வாறே கண்ணை மறைத்துச் சோதித்தபோது, புகழ்பெற்ற இத்தாலியப் பழவயலின்களைப் புதியவற்றினின்று பிரித்தறிய வல்லுநர்களாலும் இயலவில்லை. மரத்தில் வேறுபாடே கிடையாது என்று நாம் சொல்லவரவில்லை. கேட்கும் வேறுபாடு சிறிது. கேட்கப்படும் விலை மலையளவு என்பதே நம் வாதம்.

மேற்சொன்ன பட்டியலில் இந்திய ஈட்டி என்னும் பெயரை நம்மவர் கவனித்திருப்பர். பிரேசில் ஈட்டி அருகிப்போனதால், மார்ட்டின் கம்பெனியார் 1969இல் இந்திய ஈட்டிக்கு மாறினர். நம் முன்னோர் அலமாரிக்கும் கட்டிலுக்கும் பயன்படுத்திய அதே கருமரந்தான். மேற்குத் தொடர்ச்சி மலைகளில் வளர்வது. காப்பித் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் நிழலுக்காக நின்றதும் உண்டு. 1992 முதல் பிரேசில் ஈட்டியின் உலக வாணிபம் உடன்படிக்கையால் தடுக்கப்பட்டது. 2017இல் ஈட்டி இனம் முழுவதும் கட்டுப்பாட்டிற்குள் வந்தது. செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019இல் விலக்களித்தனர். ஆகவே டல்லாஸ் மேசையில் கிடக்கும் கித்தாரின் முதுகு நீலமலைப் பக்கத்து மழையில் வளர்ந்ததாகவும் இருக்கக்கூடும். மேசைமேல் வைத்த சீட்டோ கம்பெனி பெயரையும் ஆண்டையும் விலையையும் சொல்லும், மலையைச் சொல்லாது, மரத்தை வெட்டி இறக்கியவனையும் சொல்லாது.

வெட்டியவனைச் சொல்லாமை போலவே இழைத்தவனையும் சொல்லாமை இத்தொழிலின் பழவழக்கம். மார்ட்டின் கம்பெனியின் பிறப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் மார்க்நாய்கிர்ஹன் என்னும் ஊரில் மரச்சாமான் செய்யும் தச்சர் குலத்தார் கித்தார் செய்தபோது, வயலின் செய்வோர் சங்கத்தார் குறுக்கே நின்றனர். மேசையும் பெட்டியும் செய்யும் கைகள் வாத்தியம் செய்யத்தக்கன அல்ல என்பது அவர்கள் வழக்கு. அச்சண்டையில் சலித்த கிறிஸ்டியன் பிரெடரிக் மார்ட்டின் 1833இல் கப்பலேறி நியூயார்க் சேர்ந்தார். இன்னார்க்கு இன்ன தொழிலென்று வேலி கட்டிய ஊர் ஒரு பெருங்கலைஞனை இழந்தது. வேலியில்லா ஊர் அவனைப் பெற்றது. இக்கதைக்கு வேறு விரிவுரை வேண்டுவதில்லை.

அடுத்து, பெண்டர் கம்பெனியைக் காண்போம். 1950க்கு அடுத்த சில ஆண்டுகளில் கலிபோர்னியாவில் ததேயோ கோமெஸ் என்னும் மெக்ஸிகோ வழித் தொழிலாளி அங்கே கித்தாரின் கழுத்தை இழைத்து உருக்கொடுத்துவந்தார். கழுத்தும் உடலும் சேரும் மறைவிடத்தில் தம் பெயரின் முதலெழுத்துகளையும் தேதியையும் பென்சிலால் எழுதிவைப்பது அவர் வழக்கம். திருகாணிகளைக் கழற்றினாலன்றி அது கண்ணிற்படாது. 1956இல் அதே கம்பெனியிற் சேர்ந்த அபிகேல் இபார்ரா என்னும் அம்மையார், மயிரிழை போன்ற செப்புக்கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றாகக் காந்தத்தைச் சுற்றிச் சுற்றி, கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் உறுப்பைச் செய்தவர். 2013 வரை அத்தொழிலில் இருந்தார். இன்று கோமெஸ் எழுதிய அவ்விரண்டு பென்சில் எழுத்துகள் இருந்தால் கித்தாரின் மதிப்பு ஏறுகிறது. அம்மையார் கைச்சுற்று என்றால் தனி மதிப்பு. வாழ்ந்த காலத்தில் கூலிக்குமேல் ஒன்றும் தராத பெயர், பிற்காலத்தில் பிறருக்கு இலாபம் தருகிறது. பால்மரத்தில் கோடு கீறியவர் பெயர் மோட்டார்ச் சக்கரத்தில் இல்லை என்பதை அறிந்த நம் தோட்டத்து அன்பர்களுக்கு இதன் பொருளை நாம் விளக்கவேண்டியதில்லை.

மற்றுமொரு செய்தி. இரண்டாம் உலகயுத்த காலத்தில் கிப்ஸன் தொழிற்சாலை யுத்தத் தளவாட வேலையில் ஈடுபட்டதால் கித்தார் செய்வது நின்றுபோயிற்று என்பது நெடுநாள் வழங்கிய கதை. ஜான் தாமஸ் என்னும் சட்டப் பேராசிரியர், மிச்சிகன் மாநிலத்துக் கலமஸூ நகரில் அத்தொழிற்சாலை வாயிலில் ஏறத்தாழ 75 பெண்கள் நிற்கும் பழைய புகைப்படம் ஒன்றைக் கண்டு, ஐயுற்று, உயிரோடிருந்த பெண்களைத் தேடிச்சென்று வினவினார். ஆடவர் போர்க்களம் சென்றபோது கித்தார்களைச் செய்தவர்கள் அப்பெண்களே என்பது தெளிவாயிற்று. 2012இல் அதனை நூலாக்கினார். 1942 முதல் 1945 வரை பிறந்த அக்கித்தார்களை இன்று சேகரிப்போர் ஆசையோடு தேடுகின்றனர். தலைப்பகுதியில் பொறித்த பொன்னிறக் கொடியால் அவற்றை அடையாளம் காண்பர். "கித்தாரைப் பற்றிப் பெண்களுக்கு என்ன தெரியும்" என்று நகைப்போர், தாம் விரும்பித் தேடும் பொருளைச் செய்த கைகள் எவருடையன என்பதைச் சிறிது எண்ணிப் பார்ப்பாராக.

மேசைகளை விட்டு மேடைப்பக்கம் செல்வோம். டல்லாஸ் நகரம் கித்தார் விழாவிற்கு வாய்த்தது தற்செயலாயினும் பொருத்தமானதே. அந்நகரின் டீப் எல்லம் என்னும் கறுப்பர் வட்டாரத்தின் தெருக்களில்தான் பிளைண்டு லெமன் ஜெபர்சன் என்னும் பார்வையற்ற பாடகர் கித்தார் வாசித்துப் பிழைத்தார். அவரைக் கைபிடித்து அழைத்துச் சென்ற சிறுவன் ஒருவன்; அச்சிறுவனே பிற்காலத்தில் டி-போன் வாக்கர் என்று பெயர்பெற்று, மின்சாரக் கித்தாரை புளூஸ் இசையின் முதற்குரலாக்கினார். வாக்கரின் வாசிப்பைக் கேட்டு மனம் பறிகொடுத்தவர் பி.பி. கிங். டல்லாஸில் 1954இல் பிறந்த ஸ்டீவி ரே வான் என்னும் வெள்ளையரும் இவர்கள் வழிவந்த மாணவரே. நிறப்பாகுபாடு சட்டமாக நின்ற நாட்டில், குருபரம்பரை நிறம் பாராமல் ஓடியிருக்கிறது. விழா மேடையில் எழும் இசையிற் பெரும்பகுதிக்கு வேர் இத்தெருவில் இருக்கிறது.

அத்தெருப்பாடகரின் முடிவு யாது? 1926 முதல் இசைத்தட்டுகளில் பாடி நாடெங்கும் அறியப்பெற்ற ஜெபர்சன் 1929 டிசம்பரில் சிகாகோ நகரில் இறந்தார். உடலைச் சொந்த ஊர்ப்பக்கமாகிய வொர்த்தம் என்னும் சிற்றூருக்குக் கொண்டுவந்து புதைத்தனர். அவ்விடத்தில் ஓர் அடையாளப் பலகை நிற்பதற்கு 1967 வரை, 38 ஆண்டுகள் சென்றன. மின்சாரக் கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆடவர் அஞ்சும்படி வாசித்த சிஸ்டர் ரொசெட்டா தார்ப் 1973இல் மறைந்தார். பிலடெல்பியாவில் அவர் கல்லறைக்குப் பெயர்க்கல் வந்தது நெடுங்காலம் கழித்தே. கித்தாருக்குக் கண்ணாடிப் பெட்டி உண்டு. கித்தார்க்காரிக்குக் கல் இல்லை!

எலிசபெத் காட்டன் என்னும் கறுப்பு அம்மையாரின் கதை சற்று ஆறுதல் தருவது. இடக்கைக்காரியாகிய அவர், வலக்கைக் கித்தாரைத் தலைகீழாகப் பிடித்து, பெருவிரலால் இன்னிசையும் மற்ற விரல்களால் அடிச்சுருதியும் எழுப்பும் புதுமுறையைச் சிறுமியாயிருக்கையில் தாமே கண்டார். பின்னர் மணமாகிப் பல பத்தாண்டுகள் வாத்தியத்தையே தொடாமல், பிறர் வீடுகளில் வேலை செய்து காலங்கழித்தார். வேலை பார்த்த வீட்டார் இசைக்குடும்பத்தினராயிருந்தமையால், சுவரில் தொங்கிய கித்தாரை எடுத்து மீண்டும் வாசிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அறுபது வயதைக் கடந்தபின் 1958இல் முதல் இசைத்தட்டு. தொண்ணூறை எட்டியபோது 1985இல் கிராமி விருது. அவ்வீட்டுச் சுவரில் கித்தார் இல்லாதிருந்தால் உலகம் ஓர் இசைமுறையை இழந்திருக்கும். தொடவிட்ட கித்தார் ஒன்று செய்த நன்மை இது. "தொடாதீர்" சீட்டோடு தொங்கும் கித்தார்கள் இதனை எந்நாளும் செய்யப்போவதில்லை.

இவையெல்லாம் தூரதேசத்துச் செய்திகள் என்று தள்ளுவதற்கில்லை. 1961 நவம்பரில் கிளிப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூர் ஹேப்பி வோர்ல்டு அரங்கில் வாசித்துச் சென்றபின், இந்நாட்டு இளைஞர்களிடையே கித்தார்க் குழுக்கள் பெருகின. மலாய் இளைஞர்கள் தம் குழுக்களுக்குக் 'கூகிரான்' என்று பெயரிட்டு, தம் மொழிப்பாட்டையே அவ்வாத்தியத்தில் ஏற்றினர். அவர்களைத் தூண்டியது மேசைமேல் இருந்த விலைச்சீட்டன்று. மேடைமேல் எழுந்த ஓசை. கேட்டவன் செய்கிறான், பார்த்தவன் வாங்க ஏங்குகிறான். இவ்வேறுபாடே நம் கட்டுரையின் சாரம்.

ஆகவே நம் தீர்ப்பு இது. கித்தார்க் கண்காட்சி ஒழியவேண்டியதன்று, திருந்தவேண்டியது. டல்லாஸ் விழாவில் இருபது வயதிற்குட்பட்ட பதின்மரைத் தேர்ந்தெடுத்து மேடையேற்றும் போட்டி ஒன்று உண்டு. மூன்று நாள் நிகழ்ச்சிகளிலும் நாம் தலையாயதாக மதிப்பது அதுவே. அங்கே பழமை புதுமைக்கு வழிவிடுகிறது. கித்தார் தன் வேலையைச் செய்கிறது. தாம் செய்த கித்தாரின் அருகே தாமே நிற்கும் தச்சர்களின் மேசைகளும் பாராட்டுக்குரியன. செய்தவன் முகமும் செய்த பொருளும் ஒருங்கே காட்சிதரும் இடம் இக்காலத்தில் மிகச் சிலவே.

திருத்தம் மூன்று சொல்வோம். பழைய கித்தார் ஒவ்வொன்றின் சீட்டிலும், தெரிந்த அளவிற்கு, செய்த கை எது, மரம் எந்நாட்டது என்பவற்றை விலைக்கு மேலே எழுதுக. இரைச்சல் புகாத அறையொன்றை ஒதுக்கி, ஒரு கித்தாரை ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்க இடஞ்செய்க. விலையை மறைத்து வாசிக்கச் செய்தால் இன்னும் நன்று. மேடையேறும் இசைஞர், தம் வாசிப்பு எவரிடமிருந்து வந்ததோ அவர் பெயரைச் சபையறியச் சொல்லுக. இவற்றிற்குப் பெருஞ்செலவு இல்லை. நம் ஊர்களில் இசைவிழா எடுக்கும் சங்கத்தாரும் இம்மூன்றையும் இன்றே மேற்கொள்ளலாம். கித்தாருக்கு மட்டுமன்றி, மேளத்திற்கும் குழலுக்கும் இது பொருந்தும்.

ஒரு வாரக்கடைசியை இத்தகைய விழாவில் கழிக்க வாய்ப்புப் பெறும் அன்பர்களுக்கு நாம் கூறுவது ஒன்றே. மேசைகளைச் சுற்றிப் பாருங்கள், தவறில்லை. ஆயினும் பொழுதின் பெரும்பங்கை மேடையின்முன் செலவிடுங்கள். வாங்க இயலாமையால் அங்கே எவரும் ஏழையாவதில்லை. கேளாமல் திரும்பியவரே வெறுங்கையோடு திரும்புகிறார்.